பதில் காத்திருக்கும் கன்சோல் செய்திகள் பட்டியலில் வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரை இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் இரவு ஷிப்ட் பார்க்கும் மெயின்ஃபிரேம் ஆபரேட்டர்களுக்காக எழுதியது இது. மெஷின் கடல் தாண்டி இருக்கிறது. நம் கையில் இருப்பது ஒரு மடிக்கணினி, ஒரு விபிஎன், ஸோவி கட்டளைவரிக் கருவி. அதன் வழியாக இசட்/ஓஎஸ் (மெயின்ஃபிரேமின் இயங்குதளம்) கன்சோலில் பதில் கேட்டு நிற்கும் செய்திகளை, அதாவது டபிள்யூடிஓஆர்களை, பட்டியலிடும்போது திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இங்கே உள்ளன. ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பெரிய காரணம் கடைசியில்.

கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். கன்சோல் கட்டளையின் தொடக்கத்தில் நிற்கும் 'டி' டிஸ்ப்ளேயையும், 'கே' கண்ட்ரோலையும், 'ஆர்' ரிப்ளையையும் குறிக்கும். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில், காற்புள்ளியும் அடைப்புக்குறியும் இருக்கும் இடத்திலேயே தட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். கருவி பிழை காட்டி நின்றால் ஆபத்து குறைவு, ஏனென்றால் பிழை கண்ணில் படுகிறது. பட்டியல் காலியாக வந்து, "எதுவும் இல்லை" என்று நம்பி எழுந்து போவதுதான் ஆபத்து. ஒரு பேட்ச் வேலை (ஆள் பார்க்காமல் பின்னணியில் ஓடும் வேலை) மூன்று மணி நேரம் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது காலையில்தான் தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான்.

எல்லா அறிகுறிக்கும் முன்னால்: இந்தக் கட்டளையைத்தான் அடித்தீர்களா?

முழு வடிவம் இது:

ஸோவி கன்சோல் இஷ்யூ கமாண்ட் "டி ஆர்,எல்,சிஎன்=(ஆல்)"

சரியாக ஓடினால் ஐஇஇ112ஐ என்ற தலைப்பு வரும். அதில் நேரம், "பெண்டிங் ரிக்வெஸ்ட்ஸ்" என்ற சொற்கள், அடுத்த வரியில் ஆர்எம்=, ஐஎம்=, சிஇஎம்=, இஎம்= என்ற எண்ணிக்கைகள் இருக்கும். ஆர்எம் என்பது பதில் கேட்பவை. ஐஎம் உடனடி நடவடிக்கை கேட்பவை. அதன் கீழே ஒவ்வொரு செய்திக்கும் பதில் எண், 'டி' (டைப்) என்ற வகைப் பத்தி, சிஸ்டம் பெயர், வேலை எண், செய்தி. வகைப் பத்தியில் 'ஆர்' இருப்பவற்றுக்கு மட்டும்தான் பதில் தர முடியும்.

மேற்கோள் குறி கட்டாயம். பவர்ஷெல்லில் மேற்கோள் இல்லாமல் அடித்தால் காற்புள்ளி இருக்கும் இடத்தில் கட்டளை உடையும். பாஷில் அடைப்புக்குறியைக் கண்டதும் தொடரியல் பிழை என்று நிற்கும். டாலர் குறியில் தொடங்கும் ஜெஸ்2 (வேலை வரிசையை நிர்வகிக்கும் பகுதி) கட்டளைகளை பாஷில் அனுப்புவதானால் இரட்டை மேற்கோள் போதாது, ஒற்றை மேற்கோள் போடுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் டாலரும் அதையொட்டிய எழுத்தும் மாறி என்று எடுத்துக்கொள்ளப்பட்டு மறைந்துவிடும். மிச்சம் இருக்கும் பாதிக் கட்டளைதான் கன்சோலுக்குப் போகும்.

அறிகுறி 1: இணைப்பே கிடைக்கவில்லை, அல்லது கட்டளை தொங்கிக்கொண்டே இருக்கிறது

விபிஎன் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கரண்ட் ஒரு விநாடி போய் வந்தாலே ரவுட்டர் மறுபடி எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். விபிஎன் ஐகான் பச்சையாகவே இருக்கும், உள்ளே செஷன் செத்திருக்கும். துண்டித்து மறுபடி இணையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஷிப்ட் இருந்தால் மடிக்கணினியைப் பற்றிக் கவலை வேண்டாம், ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

அடுத்து, "ஸோவி இசட்ஓஎஸ்எம்எஃப் செக் ஸ்டேட்டஸ்" அடியுங்கள். கன்சோலைத் தொடாமல், ஸோவியின் கோரிக்கைகளை மெயின்ஃபிரேமில் வாங்கும் இசட்/ஓஎஸ்எம்எஃப் சர்வரிடம் மட்டும் பேசிப் பார்க்கும் கட்டளை இது.

- இது வேலை செய்து, கன்சோல் கட்டளை மட்டும் தொங்கினால் அறிகுறி 3-க்குப் போங்கள்.
- இதுவும் தொங்கினால் போர்ட்டைச் சோதியுங்கள். விண்டோஸில் "டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்" கட்டளையோடு சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் கொடுக்கலாம். நேரடி இணைப்பானால் பொதுவாக 443. இடையில் ஏபிஐ மீடியேஷன் லேயர் என்ற ஸோவியின் நுழைவாயில் இருந்தால் பொதுவாக 7554. உங்கள் தளத்தில் மாற்றி வைத்திருக்கக்கூடும் என்பதால் "ஸோவி கான்ஃபிக் லிஸ்ட்" அடித்து எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.
- போர்ட் மூடியிருந்தால், 3270 செஷன் (மெயின்ஃபிரேமின் முனையத் திரை) இருப்பவர் ஒருவரிடம் "டி ஏ,ஐஇசட்யூஎஸ்விஆர்1" அடிக்கச் சொல்லுங்கள். பெயரை மாற்றாத தளங்களில் அதுதான் இசட்/ஓஎஸ்எம்எஃப் சர்வர். அது இல்லையென்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் அல்லது விழுந்திருக்கிறது. புதிதாகத் தொடங்கியிருந்தாலும் முழுதாக எழச் சில நிமிடம் பிடிக்கும். ஐபிஎல் (சிஸ்டத்தை மறுதொடக்கம் செய்வது) முடிந்த கையோடு அவசரப்பட வேண்டாம்.

சான்றிதழ் பிழை வந்தால், அதைச் சோதிக்காமல் கடந்துபோகும் விருப்பத்தைப் போட்டு வேலையை முடித்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உற்பத்திச் சிஸ்டத்தில் அதைச் செய்யாதீர்கள். நேற்றுவரை வேலை செய்த சான்றிதழ் இன்று மறுக்கப்பட்டால் பெரும்பாலும் காலாவதிதான். பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அதுவரை 3270-இல் எஸ்டிஎஸ்எஃப் என்ற கண்காணிப்புக் கருவியைத் திறந்து, நிலுவைச் செய்திகளைக் காட்டும் எஸ்ஆர் பேனலில் பாருங்கள்.

அறிகுறி 2: 401 என்று திருப்பி அனுப்புகிறது

கடவுச்சொல் மாறியிருக்கும், கருவியில் பழையது சேமித்திருக்கும். "ஸோவி கான்ஃபிக் செக்யூர்" அடித்துப் புதியதைக் கொடுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை: உங்கள் ஐடியில் நேரம் குறித்து ஓடும் ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்ட் பழைய கடவுச்சொல்லோடு தட்டிக்கொண்டே இருந்தால், பாதுகாப்பு மென்பொருளான ராக்ஃப் அனுமதிக்கும் தவறுகளின் எண்ணிக்கை கால் மணி நேரத்திலேயே தீர்ந்து ஐடி ரிவோக் ஆகிவிடும், அதாவது முடக்கப்படும். அதன் பிறகு சரியான கடவுச்சொல்லும் செல்லாது. பாதுகாப்புக் குழுதான் ரிஸ்யூம் செய்ய வேண்டும், அவர்கள் இருக்கும் ஊரில் அப்போது நடு இரவாக இருக்கலாம். கடவுச்சொல் மாற்றும் நாளில் ஸ்கிரிப்டை நிறுத்து, மாற்று, கையால் ஒருமுறை சோதி, பிறகு ஸ்கிரிப்டைத் தொடங்கு. இந்த வரிசை மாறக் கூடாது.

அறிகுறி 3: கட்டளை முடிந்தது, ஐஇஇ112ஐ தலைப்பே வரவில்லை

தலைப்பு வந்ததா வரவில்லையா என்பதுதான் இங்கே பிரியும் வழி. தலைப்பு இல்லையென்றால் பதில் உங்களிடம் வந்து சேரவில்லை என்று பொருள். செய்திகள் இல்லை என்று பொருள் இல்லை.

*பதில் தாமதமாக வந்திருக்கலாம்.* சிஸ்டம் பளுவில் இருக்கும்போது கருவி காத்திருக்கும் நேரத்துக்குள் கன்சோல் பதில் வராது. "--வெயிட்-டு-கலெக்ட்" என்ற விருப்பத்தோடு 5 விநாடி கொடுத்து மறுபடி அடியுங்கள். அல்லது "--இன்க்ளூட்-டீடெய்ல்ஸ்" போட்டு அடித்தால் பதில் சாவி ஒன்று கிடைக்கும். அந்தச் சாவியை "ஸோவி கன்சோல் கலெக்ட் சிங்க்-ரெஸ்பான்சஸ்" கட்டளைக்குக் கொடுத்தால் பின்னால் வந்த வரிகளை எடுக்கலாம்.

*கன்சோல் பெயர் மோதியிருக்கலாம்.* பெயர் குறிப்பிடாவிட்டால் உங்கள் பயனர் ஐடியோடு 'சிஎன்' சேர்த்து ஒரு கன்சோல் பெயர் உருவாகும். ஐடி நீளமாக இருந்தால் வால் வெட்டப்படும். முதல் ஆறு எழுத்தும் ஒன்றாக, கடைசி எழுத்து மட்டும் வேறாக ஐடி வைத்திருக்கும் இரண்டு பேர் ஒரே ஷிப்டில் இருந்தால் இருவருக்கும் ஒரே கன்சோல் பெயர் விழலாம். ஒருவருடைய பதிலை மற்றவருடைய செஷன் வாங்கிக்கொண்டு போகும், அல்லது ஒருவருக்குக் கன்சோலே கிடைக்காது. "--கன்சோல்-நேம்" விருப்பத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கு அனுமதி வாங்க வேண்டும், அது அடுத்த பத்தி.

*அனுமதி இல்லாமலிருக்கலாம்.* ராக்ஃபில் மூன்று இடம் பார்க்க வேண்டும்: டிஎஸ்ஓஆத் வகுப்பில் கன்சோல், ஆபர்கமாண்ட்ஸ் வகுப்பில் எம்விஎஸ்.எம்சிஎஸ்ஓபர் என்பதோடு புள்ளி வைத்து உங்கள் கன்சோல் பெயர், அதே வகுப்பில் எம்விஎஸ்.டிஸ்ப்ளே.ஆர். மூன்றுக்கும் ரீட் போதும். மறுப்பு நடந்திருந்தால் சிஸ்டம் லாகில் ஐசிஎச்408ஐ இருக்கும். அதில் எந்த வளம், எந்த அனுமதி கேட்கப்பட்டது என்று அச்சாகியிருக்கும். பாதுகாப்புக் குழுவுக்கு "கன்சோல் வரவில்லை" என்று எழுதினால் நாலு நாள் ஆகும். அந்த ஐசிஎச்408ஐ வரிகளை அப்படியே ஒட்டி அனுப்பினால் அன்றே முடியும்.

அறிகுறி 4: தலைப்பு வருகிறது, கீழே செய்தி இல்லை அல்லது குறைவாக இருக்கிறது

மிகவும் ஏமாற்றும் அறிகுறி இதுதான். கட்டளை வெற்றி, பிழை எண் பூச்சியம், பட்டியல் காலி. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் எஸ்டிஎஸ்எஃப்பில் ஆறு செய்தி பார்க்கிறார்.

முதல் காரணம், பத்துக்கு எட்டு முறை இதுதான் என்பது எங்கள் அனுபவம்: சிஎன்=(ஆல்) விட்டுப்போனது. "டி ஆர்,எல்" என்று மட்டும் அடித்தால், அடித்த கன்சோலுக்கு என்று வழியனுப்பப்பட்ட செய்திகள் மட்டுமே பட்டியலாகும். ஸோவி நமக்காகத் திறக்கும் கன்சோலுக்குப் பல தளங்களில் ரவுட்டிங் கோடு (எந்த வகைச் செய்தி எந்தக் கன்சோலுக்கு என்று பிரிக்கும் எண்) எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அந்தக் கன்சோலின் கண்ணுக்கு உலகமே காலி. ஸ்கிரிப்டில் உள்ள ஒவ்வொரு 'டி ஆர்' வரியையும் தேடி, சிஎன்=(ஆல்) இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியவர் மாஸ்டர் கன்சோலில் சோதித்திருப்பார், அங்கே அது இல்லாமலும் வேலை செய்திருக்கும்.

இரண்டாவது: தவறான சிஸ்டம். சிஸ்பிளெக்ஸில் (பல சிஸ்டங்கள் ஒன்றாக இயங்கும் தொகுப்பில்) எஸ்ஒய்எஸ்= போட்டு வடிகட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு அடியுங்கள். ஸோவி சுயவிவரம் சோதனைச் சிஸ்டத்தைக் காட்டிக்கொண்டிருப்பதும் நடக்கும். பட்டியலின் சிஸ்டம் பத்தியைப் பார்த்தால் தெரியும். பட்டியல் காலியானால் "டி டி" (டிஸ்ப்ளே டைம்) அடித்து, கூடவே "டி ஐபிஎல்இன்ஃபோ" அடித்து எந்த மெஷினில் நிற்கிறீர்கள் என்று உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது: தேடுவது டபிள்யூடிஓஆர் அல்ல, நடவடிக்கைச் செய்தி. தலைப்பு வரியின் கடைசியில் 'நோஏஎம்ஆர்எஃப்' என்று இருந்தால் நடவடிக்கைச் செய்திகளைத் தக்கவைக்கும் வசதி அணைந்திருக்கிறது. திரையில் ஓடிப்போன டேப் மவுண்ட் செய்தி பட்டியலில் திரும்ப வராது. பதில் கேட்கும் செய்திகள் மட்டும் இந்த வசதி அணைந்திருந்தாலும் நிற்கும். வசதியை இயக்குவது "கே எம்,ஏஎம்ஆர்எஃப்=ஒய்". அதை நீங்களாகச் செய்ய வேண்டாம், சிஸ்டம் புரோகிராமரிடம் சொல்லுங்கள்.

மூன்றும் இல்லையென்றால் எஸ்டிஎஸ்எஃப் எஸ்ஆர் பேனலின் படத்தையும் உங்கள் கட்டளையின் வெளியீட்டையும் ஒரே நிமிடத்தில் எடுத்து, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படம் எதையும் நிரூபிக்காது.

அறிகுறி 5: கிரெப் போட்டதும் செய்தி பாதியில் நிற்கிறது

நீளமான செய்தி இரண்டு மூன்று வரியாக மடியும். செய்தி எண் முதல் வரியில்தான் இருக்கும், "ரிப்ளை" என்று விருப்பங்களைச் சொல்லும் பகுதி இரண்டாம் வரியில் இருக்கும். தேடும் சொல் உள்ள வரியை மட்டும் எடுக்கும் கிரெப் கட்டளை முதல் வரியை மட்டும் தரும். "-ஏ 2" சேர்த்தால் பின்வரும் இரண்டு வரியும் வரும். பதில் சொல்லும் முன் முழுச் செய்தியையும் படிக்க வேண்டும் என்பதால் இது அழகுக்கான திருத்தம் அல்ல.

அறிகுறி 6: பட்டியல் எப்போதும் நிறைந்தே இருக்கிறது, எது அவசரம் என்று தெரியவில்லை

சில செய்திகள் நிரந்தர வாசிகள். நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளான நெட்வியூவின் டிஎஸ்ஐ802ஏ, தரவுத்தள மென்பொருளான ஐஎம்எஸ்ஸின் டிஎஃப்எஸ்996ஐ போன்றவை கட்டளை வாங்குவதற்காகவே எப்போதும் திறந்திருக்கும். அவற்றுக்குப் பதில் சொல்லி "பட்டியலைச் சுத்தம் செய்ய" முயல வேண்டாம். பதில் சொன்னால் மறுபடி வேறு எண்ணில் வந்து நிற்கும், அதுவும் நீங்கள் தட்டியதைக் கட்டளையாக எடுத்துக்கொண்ட பிறகு. உங்கள் தளத்தின் நிரந்தர வாசிகளை எழுதி வையுங்கள். அதில் இல்லாதது வந்தால் மட்டும் கவனியுங்கள்.

அடிக்கடி வரும் இரண்டு:

ஐஇஎஃப்238டி: வேலைக்கு டிவைஸ் கிடைக்கவில்லை. டிவைஸ் எண், 'வெயிட்' அல்லது 'கேன்சல்' கேட்கும். ரன்புக்கில் (நடைமுறைக் கையேட்டில்) இல்லாமல் 'கேன்சல்' சொல்லாதீர்கள், வேலை அங்கேயே முடிந்துவிடும். 'வெயிட்' சொன்னால் ஐஇஎஃப்433டி வந்து 'ஹோல்ட்' அல்லது 'நோஹோல்ட்' கேட்கும். 'ஹோல்ட்' சொன்னால் ஏற்கெனவே பிடித்த டிவைஸ்களைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்கும். எதிரே இன்னொரு வேலையும் அப்படியே காத்திருந்தால் இரண்டும் நகராது. வேறு அறிவுறுத்தல் இல்லாதபோது 'நோஹோல்ட்'தான் எங்கள் பரிந்துரை.

ஐஇசி507டி: காலாவதியாகாத டேப்பின் மேல் எழுதப் போகிறது. 'யூ' என்றால் எழுது, 'எம்' என்றால் கழற்று. பழக்கத்தில் விரல் 'யூ' மேல் போகும். போனால் பழைய தரவு போனதுதான். டேப்பின் உரிமையாளரைக் கேட்காமல் 'யூ' வேண்டாம்.

அறிகுறி 7: பதில் கொடுத்தாயிற்று, செய்தி போகவில்லை, அல்லது "அந்த எண் நிலுவையில் இல்லை" என்கிறது

பதில் ஏற்கப்பட்டால் ஐஇஇ600ஐ வரும், அதில் எந்த எண்ணுக்கு என்ன பதில் போனது என்று இருக்கும். அதைப் பார்க்காமல் ஜன்னலை மூடாதீர்கள்.

எண் நிலுவையில் இல்லை என்றால்: வேறொருவர் பதில் சொல்லிவிட்டார், அல்லது வேலையே ரத்தாகிச் செய்தியும் போய்விட்டது, அல்லது தானியங்கிப் பதில் முந்திக்கொண்டது. கடைசியைச் சோதிக்க "டி ஆட்டோஆர்,டபிள்யூடிஓஆர்எஸ்" அடியுங்கள், தானாகப் பதில் போகக் காத்திருப்பவை தெரியும். கொள்கையைப் பார்க்க "டி ஆட்டோஆர்,பாலிசி". இசட்/ஓஎஸ் 1.12 முதல் இந்த வசதி இருக்கிறது.

போகவில்லை என்று தோன்றினால் எண்ணைப் பாருங்கள். பல சமயம் பழையது போய், அதே செய்தி புது எண்ணில் வந்திருக்கும். உங்கள் பதிலை நிரல் ஏற்கவில்லை, மறுபடி கேட்கிறது. எழுத்துப்பிழையைத் தேடுங்கள். பதிலை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் சிறிய எழுத்து சிறியதாகவே போகும். மேற்கோள் இல்லாவிட்டால் பெரிய எழுத்தாக மாறும். மேற்கோளுக்குள் சிறிய எழுத்தில் தட்டியது மறுக்கப்படுவதற்கு இதுவே காரணமாகலாம்.

இங்கே எண்கள் மறுசுழற்சி ஆவதையும் சொல்லியாக வேண்டும். பதில் எண்ணின் உச்ச வரம்பான ஆர்மேக்ஸ் மதிப்பை மாற்றாத தளத்தில் பதில் எண் 99 வரை போய்த் திரும்பத் தொடங்கும். பரபரப்பான இரவில் ஒரு மணி நேரத்துக்கு முன் 42 என்பது டேப் செய்தி, இப்போது 42 வேறு வேலையின் செய்தி. பழைய பட்டியலைப் பார்த்து "ஆர் 42,யூ" அடித்தால் யாரோ ஒருவருடைய கேள்விக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள். பதில் அடிக்கும் நொடிக்கு முன்னால் ஒருமுறை பட்டியல் எடுங்கள், பதில் எண்ணோடு செய்தி எண்ணையும் (ஐஇசி507டி போன்றது) ஒப்பிடுங்கள். ஸ்கிரிப்டாக இருந்தாலும் இதே விதி: எண்ணை மாறியில் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி 8: புதிய செய்திகளே வரவில்லை, வேலைகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன

"டி சி" அடித்து, தலைப்பில் ஆர்பிஎல்ஒய் என்ற இடத்தைப் பாருங்கள். கர்= இப்போது நிற்பவை, லிம்= எல்லை. கர் லிம்மைத் தொட்டுவிட்டால் பதில் கேட்க விரும்பும் அடுத்த நிரல் இடத்துக்காகக் காத்து நிற்கும், அதன் கேள்வி உங்களுக்குத் தெரியவே தெரியாது. 80 சதவீதத்தில் ஐஇஏ230இ, 100 சதவீதத்தில் ஐஇஏ231ஏ எச்சரிக்கும்.

முதலில் பாதுகாப்பாகப் பதில் சொல்லக்கூடியவற்றுக்குச் சொல்லி இடத்தை விடுவியுங்கள். ஒரே வேலை ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் போடுகிறதா என்று பாருங்கள், அதுதான் வழக்கமான குற்றவாளி. எல்லையை உயர்த்த "கே எம்,ஆர்லிம்=" கட்டளை உண்டு. அது அடுத்த ஐபிஎல் வரைதான், நிரந்தர மாற்றம் கன்சோல் பார்ம்லிப்பில் (சிஸ்டத்தின் அமைப்புக் கோப்பில்) செய்ய வேண்டும். உயர்த்தும் முடிவு சிஸ்டம் புரோகிராமருடையது. ஐஇஏ231ஏ கண்டால் அவரை எந்த நேரமானாலும் எழுப்புங்கள்.

அறிகுறி 9: பட்டியலில் ஐஎக்ஸ்சி402டி அல்லது ஐஎக்ஸ்சி102ஏ நிற்கிறது

இங்கே கையை எடுங்கள். சிஸ்பிளெக்ஸில் ஒரு சிஸ்டம் மூச்சு விடவில்லை என்று இந்தச் செய்திகள் சொல்கின்றன, 'டவுன்' என்ற பதிலைக் கேட்கின்றன. அந்தச் சிஸ்டத்தை ஹார்டுவேர் கன்சோலில் ரீசெட் செய்த பிறகுதான் 'டவுன்' சொல்லலாம். ரீசெட் செய்யாமல் சொன்னால், உண்மையில் உயிரோடிருக்கும் சிஸ்டமும் மற்றவையும் ஒரே டிஸ்க்கில் ஒருவரையொருவர் தெரியாமல் எழுதத் தொடங்கும். தரவு சிதைந்தால் மீட்க நாட்கள் ஆகும். ரீசெட் ஆயிற்று என்று செய்தவரே வாயால் சொல்ல வேண்டும், யாரோ சாட்டில் "ஓகே" போட்டது போதாது. முதல் அழைப்பு சிஸ்டம் புரோகிராமருக்கு, இரண்டாவது ஷிப்ட் லீடுக்கு.

அறிகுறி 10: ஷிப்ட் மாறியதும் எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை

'டி ஆர்' பட்டியலை வைத்துச் செய்தி எப்போது வந்தது என்று கணிக்க வேண்டாம். தலைப்பில் இருப்பது பட்டியல் எடுத்த நேரம், அதுவும் மெஷின் இருக்கும் ஊரின் நேரம். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை மெஷினானால் அங்கே கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இது மாறும். அந்த வாரங்களில் ஒரு மணி நேரத் தவறு சகஜம். வந்த நேரம் வேண்டுமானால் சிஸ்டம் லாகில் செய்தி எண்ணைத் தேடுங்கள்.

ஷிப்ட் முடியும்போது பட்டியலை நாள், நேரத்தோடு ஒரு கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: நிரந்தரம், யாரிடம் கேட்டிருக்கிறோம், என்ன பதில் சொல்லலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, அடுத்த ஷிப்ட்காரர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். நேரில் ஒப்படைக்க முடியாத அந்த மாதிரி நாளுக்கு, கோப்பை முதல் நாளே பகிர்ந்த இடத்தில் போட்டு, போனில் வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். எதிரில் இருப்பவர் தன் திரையில் சிஎன்=(ஆல்) போட்டு எடுத்த பட்டியலோடு எண்ணிக்கை ஒத்துப்போன பிறகு போனை வையுங்கள்.